இறந்தவர்களைக் குற்றவாளிகளாக்கிய விடுதலை

போர்வீரன் ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் திரைப்படம் இரண்டு தீர்ப்புகளை எழுதுகிறது. முதலாவது, கதைக்குள் இருக்கும் நீதிமன்றம் அவனுக்கு வழங்குவது. இரண்டாவது, கொல்லப்பட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்வையாளர் மனத்தில் படம் பதித்துவிட்டுப் போவது. 2000 ஏப்ரல் 7 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்’ படத்தின் முதல் தீர்ப்பைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரண்டாவது தீர்ப்பைத் தட்டிக்கேட்கும் பொறுப்பைப் பெரும்பாலும் அரபு வம்சாவளி மக்களிடமே விட்டுவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் இதைப் பேச வேண்டியிருக்கிறது. சீருடை அணிந்தவர் செய்த கொலையை மன்னிக்கச் சொல்லும் கதைகள் திரையிலும் அரசியலிலும் இன்றுவரை ஓயவில்லை.

கதைச் சுருக்கம் இது. ஏமன் தலைநகர் சனாவில் அமெரிக்கத் தூதரகத்தைப் பெருங்கூட்டம் முற்றுகையிடுகிறது. தூதரையும் அவர் குடும்பத்தையும் மீட்க கர்னல் டெரி சில்டர்ஸ் தலைமையில் மரைன் படைப்பிரிவு வந்திறங்குகிறது. எதிர்க் கட்டட மாடிகளிலிருந்து பாயும் குண்டுகளுக்கு மூன்று வீரர்கள் பலியாகிறார்கள். சில்டர்ஸ், மாடிகளை விட்டுவிட்டுக் கீழே நிற்கும் கூட்டத்தைச் சுடும்படி ஆணையிடுகிறார். 83 பேர் சாகிறார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். உலகம் கொதிக்கிறது. கூட்டத்திடம் ஆயுதம் இருந்ததைக் காட்டும் தூதரகக் கண்காணிப்பு கேமரா நாடாவை அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் எரித்துவிடுகிறார். எல்லாப் பழியும் கர்னல் தலையில் விழ, ராணுவ நீதிமன்றம் கூடுகிறது. வியட்நாமில் அவரோடு போரிட்ட பழைய தோழர் ஹேஸ் ஹாட்ஜஸ் வழக்கறிஞராக நின்று அவரைக் காப்பாற்றுகிறார். கொலைக் குற்றத்திலிருந்தும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்ற குற்றத்திலிருந்தும் சில்டர்ஸ் விடுவிக்கப்படுகிறார். அமைதியைக் குலைத்தார் என்ற சிறு குற்றம் மட்டும் மிஞ்சுகிறது.

இதை இயக்கியவர் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய, ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தால் உலகையே நடுங்க வைத்த வில்லியம் ஃப்ரீட்கின். கதையைத் தந்தவர் ஜேம்ஸ் வெப். வியட்நாமில் மரைன் அதிகாரியாகப் போரிட்டு நேவி கிராஸ் பதக்கம் பெற்றவர். பிறகு அமெரிக்கக் கடற்படைச் செயலராக இருந்தவர். கர்னலாக சாமுவேல் எல். ஜாக்சன், வழக்கறிஞராக டாமி லீ ஜோன்ஸ், அரசுத் தரப்பு வழக்கறிஞராக கய் பியர்ஸ், தூதராக பென் கிங்ஸ்லி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் மரைன் படையும் படப்பிடிப்புக்கு ஒத்துழைத்தன. வெளியான வாரத்தில் வசூலில் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் ஆறு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. எவரும் கண்டுகொள்ளாமல் போன மூன்றாந்தர மசாலா என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரும் திறமையும் அரசின் ஆதரவும் சேர்ந்து, பெருவாரியான மக்களைச் சென்றடைந்த படம் இது.

விமர்சகர்கள் இதைப் பாராட்டித் தள்ளவில்லை என்பது உண்மை. குறைகளைப் பட்டியலிட்டவர்களே அதிகம். ஆனால் அவர்கள் எதைக் குறையாகக் கண்டார்கள்? கதையில் ஓட்டை இருக்கிறது, ஆலோசகர் அந்த நாடாவை எரிப்பதற்குச் சரியான காரணம் இல்லை, நீதிமன்றக் காட்சிகள் பழைய பாணியில் இருக்கின்றன, கடைசியில் கதாபாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுத்தில் காட்டுவது உண்மைச் சம்பவம் போன்ற போலித் தோற்றத்தைத் தருகிறது என்றெல்லாம் எழுதினார்கள். நடிகர்களின் மிடுக்கும் போர்க்காட்சிகளின் வேகமும் புகழப்பட்டன. அமெரிக்காவின் மிகச் செல்வாக்குள்ள விமர்சகராக இருந்த ரோஜர் ஈபர்ட், ராணுவ விழுமியங்களைப் படம் ஆழமாக அலசும் என்று எதிர்பார்க்காத வரை நீதிமன்றத் த்ரில்லராக அது நன்றாகவே வேலை செய்கிறது என்ற கருத்தைச் சொன்னார். அரபு மக்களை அட்டைப் பொம்மை வில்லன்களாக்கியது அப்பட்டமான இனவாதம் என்று சுட்டிய விமர்சகர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு மரியாதை. ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு பல குறைகளில் ஒரு குறையாக, திரைக்கதைத் தொய்வுக்கும் ஒளிப்பதிவுக்கும் நடுவே ஒரு வரியாகவே நின்றது.

ஈபர்ட் சொன்ன நிபந்தனையை நாம் ஏற்க முடியாது. 83 பேர் செத்த வழக்கை விசாரிக்கும் படத்தில், அறத்தை எதிர்பார்க்காமல் விறுவிறுப்பை மட்டும் ரசிப்பது எப்படி? அந்த விறுவிறுப்பே அறத்தை விற்று வாங்கியதாக இருக்கும்போது, கைவினை வேறு, கருத்து வேறு என்று பிரித்து மதிப்பெண் போடுவது விமர்சகர் கடமை தவறுவதாகும்.

எப்படி விற்றது என்று பார்ப்போம். வழக்கறிஞர் ஹாட்ஜஸ் உண்மையைத் தேடி ஏமனுக்குப் போகிறார். மருத்துவமனையில் காயமுற்ற குழந்தைகளைப் பார்க்கிறார். அங்கே ஒற்றைக் காலோடு ஒரு சிறுமி. பார்வையாளரின் நெஞ்சு அவளுக்காக இளகுகிறது. சில்டர்ஸ் குற்றவாளிதானோ என்ற ஐயம் எழுகிறது. படம் முழுவதிலும் நேர்மையான கணம் அதுதான். பிறகு படம் தன் சீட்டை இறக்குகிறது. அன்றைய நிகழ்ச்சி மீண்டும் காட்டப்படும்போது கூட்டத்திலிருந்து துப்பாக்கிகள் வெளிப்படுகின்றன. பெண்கள் சுடுகிறார்கள். அந்தச் சிறுமியின் கையிலும் துப்பாக்கி. அவளும் மரைன் வீரர்களைக் குறிபார்த்துச் சுடுகிறாள். எந்தக் குழந்தைக்காக நாம் கலங்கினோமோ, அந்தக் கலக்கத்துக்காகவே நம்மை வெட்கப்பட வைக்கிறது படம். இரக்கம் ஏமாளித்தனம் என்று பாடம் நடத்துகிறது.

இது தற்செயலான காட்சியன்று. கதையின் அச்சாணியே இதுதான். கூட்டத்தில் ஒரேயொரு அப்பாவி இருந்ததாகப் படம் ஒப்புக்கொண்டாலும் கர்னலின் விடுதலை கசந்துவிடும். அதனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் குற்றவாளிகளாக்க வேண்டியிருந்தது. செத்தவர்களில் எவருக்கும் பெயரில்லை, வீடில்லை, அழுவதற்குத் தாயில்லை. கூக்குரலிடும் முகங்களும் ஆயுதமும் மட்டுமே அவர்களுக்கு மிச்சம். கர்னலுக்கோ கடந்த காலம் உண்டு, நண்பர் உண்டு, நடுங்கும் கை உண்டு.

படத்தின் தொடக்கத்திலும் இதே தந்திரம். 1968-ல் வியட்நாமில், சிறைபிடித்த வானொலி இயக்குபவரை சில்டர்ஸ் தலையில் சுட்டுக் கொல்கிறார். ஹாட்ஜஸின் குழுவைத் தாக்கும் படையை எதிரி அதிகாரி பின்வாங்கச் செய்ய வேண்டும் என்பதற்காக அந்தக் கொலை. கைதியைக் கொல்வது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி போர்க்குற்றம். அதற்குப் படம் தேடும் பரிகாரம் என்ன? அதே வியட்நாமிய அதிகாரியை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, உன் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன் என்று சாட்சி சொல்ல வைக்கிறது. கடைசியில் அவர் சில்டர்ஸுக்கு சல்யூட் அடிக்கிறார். தன் கண்முன் தன் ஆளைக் கொன்றவனுக்கு அவரே மன்னிப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார். ஏமன் மக்களிடமிருந்து ஆயுதத்தால் பிடுங்கிய நியாயத்தை, வியட்நாமியரிடமிருந்து வணக்கத்தால் பிடுங்குகிறது படம்.

அமெரிக்க-அரபுப் பாகுபாடு எதிர்ப்புக் குழு என்ற அமைப்பு இதை உரக்கக் கண்டித்தது. அரபு மக்களுக்கு எதிராக ஹாலிவுட் எடுத்த மிக மோசமான இனவாதப் படங்களில் இது முன்வரிசையில் நிற்பதாகச் சொன்னது. ஹாலிவுட்டில் அரபு மக்களின் சித்திரிப்பை ஆராய்வதற்கே வாழ்நாளைச் செலவிட்ட பேராசிரியர் ஜாக் ஷாஹீன், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஆய்ந்து 2001-ல் வெளியிட்ட ‘ரீல் பேட் அரப்ஸ்’ நூலிலும் இதைக் கடுமையாகச் சாடினார். ராணுவத்தின் ஒத்துழைப்போடு இப்படியொரு படம் வந்ததையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

ஃப்ரீட்கின் பதில் சொன்னார்: படம் அரபு மக்களுக்கோ முஸ்லிம்களுக்கோ ஏமனுக்கோ எதிரானது இல்லை, பயங்கரவாதத்துக்குத்தான் எதிரானது, மொராக்கோவில் படம்பிடிக்க அந்நாட்டு மன்னரே திரைக்கதையைப் படித்து ஒப்புதல் அளித்தார். இந்தப் பதிலை விமர்சன உலகம் அப்படியே விட்டுவிட்டது. ஒரு நாட்டு மன்னரின் கையொப்பம் இன்னொரு நாட்டு மக்களின் மானத்துக்கு எப்படி உத்தரவாதமாகும்? பயங்கரவாதத்துக்கு எதிரான படம் என்றால், பயங்கரவாதி யார், தெருவில் நிற்கும் பொதுமக்கள் யார் என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை அழித்துத்தான் கதையே நகர்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் கோல் கப்பல் தாக்கப்பட்டு 17 கடற்படையினர் இறந்தனர். அந்தக் கொடுமையைக் காட்டி, படம் அன்றே எச்சரித்ததே என்று வாதிடுவது தவறு. படகில் வெடிமருந்தோடு வந்த இருவரின் குற்றம், ஒரு நகரத்தின் சிறுமிகளைக் கொலைகாரர்களாக்கிவிடாது.

போர்ச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1977-ல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 50-ஆவது பிரிவு, பொதுமக்கள் கூட்டத்துக்குள் ஆயுததாரிகள் சிலர் கலந்திருப்பதால் மட்டும் அந்தக் கூட்டம் பொதுமக்கள் என்ற தகுதியை இழந்துவிடாது என்கிறது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டது, இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. ஆயுதம் ஏந்தித் தாக்குபவனைத் திருப்பிச் சுடலாம். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனைச் சுட அது அனுமதி ஆகாது. இந்த நுட்பமான, உயிர்களைக் காக்கும் கோட்டைப் பற்றி ஒரு நீதிமன்றப் படம் எவ்வளவு ஆழமாக வாதாடியிருக்கலாம்! அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆத்திரமூட்டுவதற்கும், கர்னல் சாட்சிக் கூண்டில் வெடிப்பதற்குமே நேரம் போய்விடுகிறது.

படத்துக்கு நியாயமான ஒரு கோபமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். முடிவெடுப்பவர்கள் குளிர்சாதன அறைகளில் இருக்க, களத்தில் நின்றவன் மட்டும் பலியாடு ஆகிறான் என்ற கோபம் அது. வரலாற்றில் அதற்கு ஆதாரம் உண்டு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் நூற்றுக்கணக்கான பொதுமக்களை அமெரிக்கப் படையினர் கொன்றார்கள். வியட்நாமின் கணக்கில் 504 பேர். தண்டனை பெற்றவர் ஒரேயொருவர்: லெப்டினன்ட் வில்லியம் கேலி. அவருக்கு மேலிருந்த அதிகாரிகளில் ஒருவரைக்கூட நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. 22 பேரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்ற கேலியும், அதிபர் நிக்சன் தலையிட்டதால் சில ஆண்டுகள் வீட்டுக் காவலில் இருந்துவிட்டு 1974-ல் வெளியே வந்தார். மேலதிகாரிகள் தப்பியது அநீதி. ஆனால் அந்த அநீதிக்குத் தீர்வு மேலே இருப்பவர்களையும் கூண்டில் ஏற்றுவது. இறந்தவர்களைக் கொலைகாரர்களாக மாற்றுவது எந்த வகையிலும் தீர்வாகாது.

இன்னொரு புரட்டை இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். படத்தில் அரசு ஆதாரத்தை அழிப்பது வீரனைச் சிக்கவைப்பதற்காக. நிஜத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மை லாயில் 128 வியட்காங் கொரில்லாக்களைக் கொன்றதாக ராணுவம் முதலில் அறிவித்தது; ஓராண்டுக்கும் மேலாக உண்மை மூடி மறைக்கப்பட்டது. பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷின் உழைப்பும், ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் தன் சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்களும் 1969-ல் அதை வெளிக்கொணர்ந்தன. 2005 நவம்பர் 19 அன்று ஈராக்கின் ஹதீதாவில் பெண்கள், குழந்தைகள் உட்பட 24 பேரை மரைன் வீரர்கள் கொன்றபோதும், பலர் சாலையோரக் குண்டுவெடிப்பில் இறந்ததாக முதல் அறிக்கை வந்தது. அங்கே உண்மையைச் சொன்னது ஈராக்கியர் ஒருவர் எடுத்த வீடியோ. எட்டு மரைன்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2012-ல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மட்டும், கடமையில் கவனக்குறைவு என்ற குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனை இல்லை.

நிஜத்தில் ஆதாரங்கள் மறைக்கப்பட்டது வீரர்களைக் காப்பதற்கு. திரையில் மறைக்கப்படுவது வீரனைக் கெடுப்பதற்கு. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பார்த்துப் பழகிய மக்கள், ஹதீதா போன்ற செய்தி வரும்போது எந்தப் பக்கம் சந்தேகப்படுவார்கள்? எரிக்கப்பட்ட நாடா எங்கே என்று தேடுவார்களே தவிர, எரிந்த வீடுகளைத் தேட மாட்டார்கள். கதையில் ஓட்டை என்று எழுதிய விமர்சகர்கள் இந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அது வழியாக வரலாறு வெளியேற்றப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள்.

போர்வீரன் மேல் பரிவு காட்டவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் காட்டலாம்; காட்ட வேண்டும். அதற்கு நல்ல முன்மாதிரிகள் ஹாலிவுட்டிலும் வெளியிலும் உண்டு. 1980-ல் புரூஸ் பெரஸ்ஃபோர்ட் எடுத்த ஆஸ்திரேலியப் படம் ‘பிரேக்கர் மோரன்ட்’, போயர் போரில் கைதிகளைக் கொன்றதற்காக 1902-ல் சுட்டுக்கொல்லப்பட்ட வீரர்களின் வழக்கைச் சொல்கிறது. பிரிட்டிஷ் பேரரசு அவர்களைப் பலிகொடுத்ததைக் கண்டிக்கிறது. அதேசமயம் அவர்கள் கைதிகளைக் கொன்றது உண்மை என்பதை மறைக்கவேயில்லை. 1992-ன் ‘எ ஃப்யூ குட் மென்’ படத்தில், சக வீரன் ஒருவன் இறந்த வழக்கில் இரண்டு இளம் மரைன்கள் கொலைக் குற்றத்திலிருந்து விடுபடுகிறார்கள். மேலதிகாரியின் ஆணை அம்பலமாகிறது. ஆனாலும் தகாத நடத்தைக்காக அவர்கள் படையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். நாம் ஒன்றும் தவறு செய்யவில்லையே என்று ஒருவன் அழும்போது, தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவனுக்காக நாம் நின்றிருக்க வேண்டும் என்று மற்றவன் சொல்கிறான். அங்கே வீரனுக்கு இரக்கமும் கிடைக்கிறது, செத்தவனுக்கு நீதியும் கிடைக்கிறது. ‘ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்’ படத்தில் அதே தகாத நடத்தைக் குற்றச்சாட்டிலிருந்துகூடக் கர்னலுக்கு விடுதலை.

ராணுவச் சீருடையின் மானத்தைக் காத்தவர்கள் யார் என்பதற்கும் மை லாயிலேயே சான்று உண்டு. ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், கிராமத்து மக்களுக்கும் தன் சொந்தப் படைக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். மக்களைச் சுட்டால் நம் வீரர்களையே சுடுங்கள் என்று தன் குழுவினருக்குச் சொன்னார். பல ஆண்டுகள் துரோகி என்று வசைபாடப்பட்ட அவருக்கு, நடந்த உண்மையை ஏற்று 1998-ல்தான் ராணுவம் பதக்கம் அளித்தது. நெருக்கடியில் ஒரு வீரனால் வேறு முடிவும் எடுக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. களத்தில் இல்லாதவர்களுக்குத் தீர்ப்பளிக்க உரிமையில்லை என்ற படத்தின் வாதம் அவர் முன் நிற்காது. அவர் களத்தில்தான் இருந்தார்.

இந்தக் கேள்வி தமிழ் வாசகர்களுக்குத் தூரத்துக் கேள்வியன்று. படம் வெளியான அதே 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்தின் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். தப்பிய ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நடந்தது. 2015-ல் இலங்கை ராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்து விடுவித்தார். போர்வீரன் என்றால் கொலையும் மன்னிக்கப்படும் என்ற எண்ணம் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், ஆப்கானிஸ்தானில் நடந்த கொலைகள் தொடர்பான இரு ராணுவ அதிகாரிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். ஒருவர் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர், இன்னொருவர் விசாரணைக்குக் காத்திருந்தவர். மன்னிப்புக் கையெழுத்துக்கு முன்பே மக்கள் மனத்தில் மன்னிப்பு எழுதப்பட்டுவிட வேண்டும். அந்த வேலையைக் கதைகள் செய்கின்றன.

எனவே நம் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்கிறோம். ‘ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட்’ திறமையாக எடுக்கப்பட்ட, அறத்தில் தோற்ற படம். அதன் குற்றம் கதை ஓட்டையில் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தை, குழந்தையையும் விடாமல், சாகத் தகுந்தவர்களாக்கி அதன்மேல் ஒரு வீரனின் மானத்தை நிறுத்தியதில் இருக்கிறது. இயக்குநரும் கதாசிரியரும் உதவி செய்த ராணுவமும் இதற்குப் பொறுப்பு. கதையின் வேகத்தை அளந்துவிட்டு, பிணங்களை எண்ணாமல் போன விமர்சகர்களுக்கும் இதில் பங்குண்டு. பாதிக்கப்பட்டவர்கள்தான் கத்த வேண்டும், மற்றவர்கள் ரசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம் என்ற ஏற்பாட்டை எந்த மொழியின் விமர்சனமும் இனி ஏற்கக் கூடாது.

தமிழில் திரை விமர்சனம் எழுதுவோருக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறோம். காவலரோ ராணுவத்தினரோ துப்பாக்கியால் நீதி வழங்கும் படம் வரும்போது, நடிப்புக்கும் இசைக்கும் மதிப்பெண் போடும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கொல்லப்பட்டவர்களுக்கு இந்தப் படம் பெயரும் முகமும் தந்ததா? தராத படத்தை, எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், நல்ல படம் என்று எழுதாதீர்கள்.